பாடகர்கள் வந்த மாதம்

அன்று எங்கள் ஆலயத்தில் ஓர் அடக்க ஆராதனை. சவ வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தில், சமையலறைக் கதவை ஒட்டி, ஒரு பழைய வெள்ளை வேன் நின்றிருந்தது. துக்க வீட்டாருக்கு ரொட்டி வெட்டி வைக்கக் காலையிலேயே போன நான்தான் முதலில் பார்த்தேன். ஜன்னல்களில் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடி முழுக்க உள்பக்கமாக நீர் பூத்திருந்தது. தட்டினேன்.

கதவை இழுத்துத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் சமோவாத் தீவு முகம். முடியை அள்ளி முடிந்தபடியே இறங்கினாள்.

"இங்க நிறுத்தக் கூடாதும்மா. சவ வண்டி வர்ற நேரம்," என்றேன்.

"மன்னிச்சிருங்க அக்கா. இப்பவே எடுத்துடுறேன்."

சாவியைத் திருகினாள். வண்டி இருமியது, அவ்வளவுதான். மறுபடி திருகினாள். அதற்குள் கறுப்புக் கோட்டும் வேட்டியுமாக எங்கள் மூப்பர் லஃபாயேலே வந்துவிட்டார். நெஞ்சு அறுவை சிகிச்சை ஆனவர். ஆனாலும் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டி தூக்க வந்திருந்த பையன்களைக் கூப்பிட்டார்.

"தள்ளுங்கடா. செத்தவருக்கு வழி விடணும்ல."

"ஐயா, மெதுவா தள்ளச் சொல்லுங்க. உள்ளே பிள்ளைங்க தூங்குதுங்க," என்றாள் அவள்.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொட்டில் நகர்த்துவது போல அந்த வேனை வேலியோரம் தள்ளி நிறுத்தினார்கள்.

அவள் பெயர் பிலோமேனா. பிலோ என்றே எல்லோரும் கூப்பிட்டோம். வண்டி நகர்ந்ததும் நன்றி சொல்லிவிட்டு நிற்காமல், நேரே சமையலறைக்குள் வந்து கைகளைக் கழுவினாள். "வெங்காயம் நான் நறுக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள். நறுக்கினாள். பாத்திரம் தேய்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு மிஞ்சியதை இரண்டு தட்டில் போட்டு வேனுக்கு எடுத்துப் போனாள். தனக்கென்று எதையும் தொடவில்லை. நான்தான் அதட்டி உட்கார வைத்தேன்.

என் பெயர் எபெனேசா. நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் துப்புரவு வேலை. எங்கள் மாங்கெரே பகுதிச் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும் என்று என் மகன் கேலி செய்வான். ஆனால் எங்கள் தெருக்களில் எத்தனை வண்டிகளுக்குள் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

பிலோவின் கதை புதிதல்ல. கணவன் சுரங்க வேலைக்கென்று ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனான். அங்கே வேறு ஒருத்தியோடு இருந்துவிட்டான். குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவள், சின்னவனுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியும் ஆலையுமாக அலைந்து வேலையை இழந்தாள். வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், ஆண் துணை இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றவளிடம் நல்லபடியாகத்தான் பேசினார்கள். பிறகு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அரசாங்கம் வீடில்லாதவர்களைத் தங்க வைக்கும் மோட்டல் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள். அங்கிருந்து அவளே கிளம்பி வந்து வேனில் படுக்க ஆரம்பித்தாள். ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூடினோம். கூடத்தை அவளுக்குத் திறந்துவிடலாமா என்பதுதான் பேச்சு.

"அவ கத்தோலிக்கப் பொண்ணு. அவங்க கோயில் இருக்கே," என்றார் ஒருவர்.

"கேட்டுட்டேன். அவங்க மண்டபத்துல ஏற்கெனவே நாலு தாய்மார் இருக்காங்க. கால் வைக்க இடமில்ல," என்றேன்.

பாஸ்டர் அம்மா ஃபுவாதினோ வாய் திறந்தால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. "மழை பேஞ்சா ஓட்டுக்குக் கீழே நிக்கிறது கத்தோலிக்கப் பிள்ளையா, நம்ம பிள்ளையான்னு ஓடு கேட்குமா? அந்தச் சின்னவன் இருமுறதை நான் பிரசங்கத்துக்கு நடுவுல கேட்டேன். இவரு பேசினது ஒண்ணும் காதுல விழல," என்று தன் கணவரைக் காட்டினாள். பாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கூடம் திறக்கப்பட்டது.

ஞாயிறு பள்ளி நடக்கும் அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் பாய்களும் மெத்தைகளும் போட்டு, துணித் திரை கட்டிக் கொடுத்தோம். தெரு முனையிலுள்ள வெள்ளைக்காரர்களின் பிரெஸ்பிட்டேரியன் சபை ஹீட்டரும் கம்பளிகளும் அனுப்பியது. புதன்கிழமைகளில் கத்தோலிக்கப் பெண்கள் பெரிய பானையில் சூப் கொண்டுவந்தார்கள். பிறகு டோங்கா தீவுப் பெண் ஒருத்தி நான்கு பிள்ளைகளோடு வந்தாள். அவளுக்கும் இன்னொரு மூலையில் திரை கட்டினோம். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; அந்த மாதங்களில் எங்கள் கூடத்தில் காலை வேளைகளில் கோகோ வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து கிடந்தன.

பிலோவின் மகள் பெனினாவுக்கு ஒன்பது வயது. தம்பி செமிசிக்கு மூன்று. பெனினா வயதுக்கு மீறிய பிள்ளை. தம்பிக்கு மூச்சிரைத்தால் அம்மாவைக் கூப்பிட மாட்டாள். தானே அவனை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவி மூச்சு மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்துவாள். எங்கள் மொழி அவளுக்குப் புரியும். பேச வராது. நாங்கள் சமோவா மொழியில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஒரு சனிக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, இன்னிக்கு யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஏண்டி அப்படிக் கேட்குறே?"

"அன்னிக்கு முட்டை ரொட்டி நல்லா இருந்துச்சு."

அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிலோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மகளை வெளியே கூட்டிப்போனாள்.

ஆகஸ்டு மாதத்தில் பாடகர்கள் வருவதாக இருந்தது. சமோவாவின் சவாயீ தீவிலிருந்து எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பாடகர் குழு. புயலில் அவர்கள் ஆலயத்தின் கூரை போய்விட்டது. சபை சபையாகப் பாடிக் காணிக்கை சேர்த்துக்கொண்டு போக வருகிறார்கள். ஒரு வருஷத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஊரிலிருந்து வரும் சபையாரைக் கூடத்தில் தங்க வைப்பதுதான் எங்கள் வழக்கம். நாற்பது பேர். வேறெங்கே படுக்க வைப்பது?

அந்தக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"வர்றவங்க நம்ம விருந்தாளிங்க," என்றார் ஒருவர்.

"பிலோவும் விருந்தாளிதானே?" என்று கேட்டேன்.

"விருந்தாளி திரும்பிப் போவாங்க எபெனேசா. அவளுக்குப் போக இடமில்லையே. அதுதானே சிக்கல்," என்றார் பாஸ்டர். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

டோங்கா பெண் தன் தூரத்து உறவினர் வீட்டுக்குப் போனாள். பிலோவை மூப்பர் லஃபாயேலேயும் அவர் மனைவி சுலமியும் கூட்டிப்போனார்கள். என் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர், நான் வரவேற்பறையில் படுக்கிறவள். அவர்கள் வீடு மட்டும் பெரிதா என்ன? மூன்று அறைகள், இரண்டு மகன்கள், மருமகள், பேரப்பிள்ளைகள். அதனால் கார் நிறுத்தும் கொட்டகையைக் காலி செய்து, பழைய கம்பளத்தை விரித்து, சுவரோரம் அட்டை அடித்து, பிலோவுக்கு இடம் செய்தார்கள். "பாடகருங்க போற வரைக்கும்தான். அப்புறம் உன் மூலை உனக்கு," என்று சுலமி சொன்னாள்.

பாடகர்கள் வந்தார்கள். சாயங்காலமானால் கூடத்திலிருந்து எழும் பாட்டு அடுத்த தெரு வரை கேட்கும். பள்ளி விட்டதும் பெனினா அங்கேதான் இருப்பாள். முதலில் வாசலில் நின்றாள். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குழுவின் தலைவி மோயெலாங்கி, பருத்த உடம்பும் உரத்த குரலுமான பள்ளி ஆசிரியை, அவளைக் கையைப் பிடித்து இழுத்து முன் வரிசையில் நிறுத்தினாள்.

"உன் பேச்சுல சமோவா இல்ல, பாட்டுல மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா வருது?" என்று கேட்டாள்.

பெனினா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். "எனக்கு அந்தப் பாஷை காது கேட்காது. மறுபடி சொல்லு," என்றாள் மோயெலாங்கி. பெனினா திக்கித் திக்கிச் சமோவாவில் சொன்னாள். நாற்பது பேரும் கைதட்டினார்கள். அன்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை இதுவரை எதற்குமே கைதட்டல் வாங்கியதில்லை என்று தோன்றியது.

நாற்பது பேரும், அவர்களைப் பார்க்க வந்துபோன உறவினர்களும், அவர்கள் வண்டிகளும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நகராட்சியில் புகார் செய்துவிட்டார். ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மெத்தைகளைப் பார்த்தார், வெளியேறும் கதவுகளைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். தீப்பிடித்தால் இத்தனை பேர் எப்படி வெளியே போவீர்கள் என்று கேட்டார். பாடகர்கள் ஊருக்குப் போகிற வரை பொறுத்துக்கொள்வதாகவும், அதன் பிறகு இந்தக் கூடத்தில் ஓர் ஆள்கூட இரவு தங்கக் கூடாது என்றும் பாஸ்டரிடம் சொன்னார். தீத்தடுப்பு வேலைகளைச் செய்து முடித்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். அந்த வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டுப் பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இதை பிலோவிடம் சொல்லுமுன் அடுத்தது வந்தது. லஃபாயேலே குடியிருப்பது வாடகை வீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் முகவர் பெண் வழக்கமான சோதனைக்கு வந்தாள். கொட்டகைக்குள் படுக்கையைப் பார்த்தாள். செமிசி அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவளும் சிரித்துக் கையசைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து சுலமியிடம் மெல்லிய குரலில் சொன்னாள்: இதைக் காலி செய்யாவிட்டால் உங்கள் எல்லோரையுமே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், இந்த வாரத்துக்குள் சரி செய்துவிடுங்கள்.

லஃபாயேலே சபையில் கண்டிப்பானவர். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் கைத்தடியால் குத்துகிறவர். அவரால் பிலோவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டு வேளையில், "பிலோ..." என்று ஆரம்பிப்பாராம். அவள் நிமிர்ந்து பார்த்ததும், "இன்னும் ரெண்டு கிழங்கு வச்சுக்கோ," என்று தட்டில் டாரோ என்ற சேப்பங்கிழங்கை எடுத்து வைப்பாராம். தினமும் இதுவே நடந்தது. கடைசியில் சுலமி என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லிடு எபெனேசா. உன் வாய்தான் எதையும் சொல்லும்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"எங்க மூஞ்சியை விட உன் மூஞ்சி தேவலை. எங்க சாப்பாட்டைத் தின்னுட்டிருக்கா. நாங்க சொன்னா தொண்டையில நிக்கும்."

நான் போனேன். பிலோ கொட்டகையின் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தூறல். கொடியில் போட வழியில்லாமல் துணியை முறுக்கி முறுக்கி வாளியில் வைத்தாள். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். செமிசியின் இருமலைப் பற்றிப் பேசினேன். அவள் பிழிந்த துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பெரியவரு நாள் தவறாம எனக்குக் கிழங்கு மேல கிழங்கா வைக்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அந்தப் பொண்ணு வந்துட்டுப் போன அன்னிக்கே துணியை எடுத்து மடிச்சு வச்சுட்டேன். அவரு எப்படித்தான் சொல்றாருன்னு பார்த்துட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"பாடகருங்க போனதும் கூடத்துக்கு வந்துடுறேன். அதுவரை வேன்ல இருந்துக்குறேன்," என்றாள்.

அப்போதுதான் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கேட்டுக்கொண்டே வாளியைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"யாருக்குமே இடமில்லையா?"

"யாருக்குமே."

"சரி அக்கா."

வேன் பழையபடி ஆலயத்தின் பின்புறம் வந்து நின்றது. கூடத்துக்குள்ளே பாட்டு, வெளியே அவர்கள். மோயெலாங்கி வெளியே வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப் போனாள். "நாங்க வந்துதான் இவங்க வெளியே போனாங்களா? எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று என்னிடம் சண்டைக்கே வந்தாள். அன்று முதல் பிள்ளைகள் இருவரையும் உள்ளே கூட்டிப்போய்த் தன் மெத்தையில் படுக்க வைத்துக்கொண்டாள். பிலோவையும் கூப்பிட்டாள். வண்டியைத் தனியாக விட முடியாது என்று சொல்லி அவள் வெளியிலேயே இருந்துவிட்டாள். ஆனால் பாடகர்கள் பக்கத்து ஊர்ச் சபைக்குப் பாடப் போய் அங்கேயே தங்கிய இரண்டு இரவுகள் பிள்ளைகளும் வேனில்தான். இரண்டாம் நாள் காலையில் செமிசியின் உதடு நீலமாயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு மூச்சு சீரானதும் ஒரு சமூகப் பணியாளர் வந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவளும் நம்மைப் போலத் தீவுக்காரிதான், நியுவே தீவுப் பெண். பிலோவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

"விலாசம்னு ஆலயத்தைக் குடுத்திருக்கே. கூடத்துலயா இருக்கீங்க?"

பிலோ குனிந்து செமிசியின் காலுறையை ஏற்றிவிட்டாள்.

"தங்கச்சி, நான் உன் பிள்ளைங்களைப் பிடுங்க வரல. ஆனா மறுபடி வண்டியில படுத்து இவன் இங்க வந்தா, அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இருக்காது. புரியுதா?" என்றாள். அன்றே போனில் பேசி ஓர் அறைக்கு ஏற்பாடு செய்தாள். தெற்கே, ஹாமில்டன் பக்கம். ஒரு மோட்டலில் ஒரே அறை, ஒரே கட்டில்.

அந்தப் பெண் போன பிறகு பிலோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன மோட்டல்ல பக்கத்து அறையில ஒருத்தன் இருந்தான் அக்கா. நான் துணி துவைக்கப் போற நேரமாப் பார்த்துக் கதவைத் தட்டுவான். பெனினாவுக்குச் சாக்லேட் குடுப்பான். ஒரு நாள் நான் சீக்கிரமா திரும்பிட்டேன். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். ஒண்ணும் நடக்கல. நான் சீக்கிரமா வந்ததால ஒண்ணும் நடக்கல." அவள் செமிசியின் போர்வையை இழுத்துவிட்டாள். "இவனைக் கூட்டிட்டு ராத்திரியும் பகலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அவளை யார்கிட்ட விட்டுட்டு ஓடுறது?"

அவள் மோயெலாங்கியிடம் கேட்டபோதும் நான் இருந்தேன். கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து மோயெலாங்கி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, எங்கக்கா லூப்பே உங்க பக்கத்து ஊர்லதான் இருக்கா. பெனினாகிட்ட பாஸ்போர்ட் இருக்கு. எங்கப்பா செத்தப்ப எடுத்தது. உங்களோட கூட்டிட்டுப் போய் அவகிட்ட விட முடியுமா?"

மோயெலாங்கி கத்தியைக் கீழே வைத்தாள். "உங்கக்கா என்ன சொல்றா?"

"அனுப்புன்னா. சோறு உண்டு, வேலையும் உண்டுன்னா. அவளுக்கு அஞ்சு பிள்ளைங்க. கோபம் வந்தா கொஞ்சம் கை ஓங்குவா. ஆனா கதவைத் தட்ட யாரும் வர மாட்டாங்க."

"நீயும் வந்துடேன்."

"இவனுக்கு வேணுங்கிற மருந்தும் ஆஸ்பத்திரியும் அங்க இல்லையே. இருந்தா இந்த ஊர்ல நான் ஏன் கிடக்கேன்?"

மோயெலாங்கி அழுதாள். நான் அழுதேன். பிலோ மீதிக் காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

பயணச் சீட்டுக்குச் சபை உடனே பொறுப்பேற்றது. பிரெஸ்பிட்டேரியன்காரர்கள் பாதி கொடுத்தார்கள். கத்தோலிக்கப் பெண்கள் புதுத் துணிகள் வாங்கிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு வீடு கொடுக்க எங்களால் முடியவில்லை. அவள் பிள்ளையை ஊருக்கு அனுப்ப மட்டும் மூன்று சபைகளாலும் முடிந்தது. இதை நான் பாஸ்டர் அம்மாவிடம் சொன்னபோது, "வாயை மூடுடி," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

பெனினாவிடம், பாடகர்களோடு பாடப் போகிறாய், பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கேள்வியும் கேட்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

விமான நிலையத்தில் நான் நாள்தோறும் தரை துடைக்கிற இடம்தான் அது. எங்கள் ஆட்கள் வழியனுப்ப வந்தால் பாடாமல் போக மாட்டார்கள். அன்றும் பாடினார்கள். பூப்போட்ட ஒரே நிறத் துணியில் நாற்பது பேர், முன் வரிசையில் அதே துணியில் பெனினா. சீன டூரிஸ்டுகள் நின்று படம் எடுத்தார்கள். பிலோ செமிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தூணோரம் நின்றாள்.

பாட்டு முடிந்ததும் பெனினா அம்மாவிடம் வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தோள்பையைத் திறந்து செமிசியின் மூச்சு மருந்தை எடுத்தாள். எப்போதும் அவள் பையில்தான் அது இருக்கும்.

"முதல்ல நல்லா குலுக்கணும். ரெண்டு தடவைதான். நீ எப்பவும் அவசரப்படுவே. அவன் மூச்சை இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் எண்ணணும்," என்றாள். இங்கிலீஷில் ஆரம்பித்தவள், மோயெலாங்கி பார்ப்பதைக் கண்டு, சமோவாவில் சொல்லி முடித்தாள்.

"சரி," என்றாள் பிலோ.

"ராத்திரியில தனியா வண்டியில படுக்காதே."

"இனிமே ரூம்தான். கட்டில் இருக்கு."

"சரி."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு முகம் கோணியது. மோயெலாங்கி சட்டென்று அவளை இழுத்து அணைத்து, தன் பெரிய உடம்பால் மறைத்தபடியே உள்ளே நடத்திப் போய்விட்டாள். நல்லதுதான் செய்தாள். செமிசி, "அக்கா எங்கே போறா?" என்று வண்டி நிறுத்தும் இடம் வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

ஹாமில்டன் மோட்டலுக்கு மாதம் இரு முறை பெண்கள் சங்கத்திலிருந்து போய்வந்தோம். போனால் வாசலிலேயே நிறுத்திப் பேசுவாள். உள்ளே இரண்டாவது ஆள் உட்கார இடமில்லை. ஒரு குளிர்காலம் முடிந்து, அடுத்ததும் வந்து, செமிசி பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு அரசாங்க வீடு ஒன்று கிடைத்தது. மாங்கெரேயில் இல்லை. இன்னும் தெற்கே, யாரையும் தெரியாத ஊரில். கட்டில்கள், பானைகள், திரைச்சீலைகள் எல்லாவற்றையும் மூன்று சபைகளும் சேர்ந்து ஏற்றிப்போனோம். பெனினாவுக்கென்று பிலோ ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருந்தாள். லஃபாயேலே, மருத்துவர் சொன்னதைக் கேட்காமல், முழங்காலிட்டு அந்தக் கட்டிலைப் பூட்டிக் கொடுத்தார்.

கடைசியாக நான் அங்கே போனது இந்த வருஷம், ஈஸ்டருக்குப் பிறகு. பெனினாவின் கட்டில் மேல் துணிக்கூடைகள் இருந்தன. செமிசி பள்ளிக்குப் போயிருந்தான். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிலோ தன் அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள். பெனினாவைக் கூட்டிவரும் பேச்சை எடுக்கும்போதெல்லாம் லூப்பே ஒன்று சொல்வாளாம்: பள்ளியில் முதல் மாணவி, பாடகர் குழுவில் பெயர் வாங்கிவிட்டாள், இப்போது வேரோடு பிடுங்காதே, மறுபடி உனக்கு வீடு போனால் என்ன செய்வாய்? அந்தக் கடைசிக் கேள்வியோடு பிலோ பேச்சை மாற்றிவிடுவாளாம்.

போனில் பெனினா வந்தாள். நான் இருக்கிறேன் என்று பிலோ சொன்னதும், "எபெனேசா அத்தைக்கு வணக்கம். நல்லா இருக்கீங்களா? உங்க பாஸ்டரும், பாஸ்டர் அம்மாவும், சபையார் எல்லாரும் சுகமா இருக்காங்களா?" என்றாள். சமோவா மொழியில் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதைச் சொற்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. எங்கள் ஊரிலிருந்து வரும் விருந்தாளி இப்படித்தான் பேசுவாள்.

"லீவுக்கு வர்றியாடி? உனக்குத் தனி ரூம் போட்டிருக்கா உங்கம்மா," என்றேன்.

"பரீட்சை முடியட்டும் அத்தை. அப்புறம் பாட்டுப் போட்டி இருக்கு." பின்னால் யாரோ பெண் உரக்கக் கூப்பிட்டாள். "அம்மா கூப்பிடுறாங்க. வச்சிடட்டுமா?" என்று அனுமதி கேட்டாள். பிலோ வைக்கச் சொன்னாள்.

போன் அணைந்த பிறகும் அதை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"எங்க பக்கத்துல பெரியம்மாவையும் அம்மான்னுதான் கூப்பிடுவோம்," என்றாள் என்னிடம், எனக்குத் தெரியாதது போல.

"ஆமா," என்றேன்.

அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிக் கிளம்பினேன்.